பரீட்சைக்குள் வந்த அரங்கு: ஈழத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் நாடகக் கல்வி

1. கேள்வி

இலங்கையில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை ஆறாம் தரத்துக்கு வந்ததும் அழகியற் பாடம் ஒன்றைத் தெரிவு செய்கிறது. சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடமும் அந்தப் பட்டியலில் உண்டு. க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் அதைப் பரீட்சைக்கு எடுக்கலாம். விரும்பினால் பல்கலைக்கழகப் பட்டம்வரை கொண்டு செல்லலாம். பாக்கு நீரிணையின் மறுகரையில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் அதே வயதுப் பிள்ளைக்கு நாடகம் என்பது பெரும்பாலும் தமிழ்ப் பாடநூலில் ஓர் உரைப்பகுதி, ஆண்டு விழாவில் ஒரு நிகழ்ச்சி.

நாடகத்துக்குப் பாடவேளை, பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் ஆகிய மூன்றையும் பெற்றுத் தந்தது ஈழத்துத் தமிழ் அரங்கின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அதேவேளை பரீட்சை தன் சொந்தப் பழக்கங்களையும் கூடவே அழைத்து வந்தது. மனனம் செய்யத்தக்க குறிப்புகள், மாதிரி விடைகள், கடந்தகால வினாத்தாள்கள் என்று எல்லாப் பாடங்களுக்கும் உரிய சடங்குகள் நாடகத்தையும் சூழ்ந்துகொண்டன. கூடி நின்று உடலாலும் குரலாலும் செய்யவேண்டிய ஒரு கலையைத் தனியாக அமர்ந்து எழுதும் பரீட்சைக்குள் கொண்டுவந்தால் அதற்கு என்ன நேர்கிறது? அந்தப் பாடத்தை அரங்காகவே காப்பாற்ற எது தேவை? இக்கட்டுரை ஆராய்வது இந்தக் கேள்விகளை.

2. முந்தைய விவாதம்: செயல்முறையா, ஆற்றுகையா?

பள்ளி நாடகம் பற்றிய நீண்ட விவாதங்களில் ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. கிராமப் பள்ளித் தலைமையாசிரியை ஹாரியட் ஃபின்லே-ஜோன்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றைப் பிள்ளைகள் நடித்துக் கற்கும்படி செய்தார். கேம்பிரிட்ஜ் நகரின் பெர்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த கால்ட்வெல் குக், 1917இல் வெளிவந்த தம் நூலில், விளையாட்டே படிப்பின் இயல்பான வழி என்று வாதிட்டார்.

1954இல் பீட்டர் ஸ்லேட் 'சைல்ட் டிராமா' நூலை வெளியிட்டதோடு விவாதம் கூர்மையடைந்தது. குழந்தைகளின் நாடகம் தனக்கேயுரிய ஒரு கலை வடிவம், அதைப் பெரியவர்களின் மேடைக்கு ஏற்ப வளைக்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. பிரயன் வே 1967இல் இதையே ஆளுமை வளர்ச்சிக்கான பயிற்சியாக விரித்தார். பதின்ம வயதில் நெசவாலையில் வேலை செய்து, பிற்பாடு நியூகாசிலில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த டோரதி ஹீத்கோட் இன்னும் ஒரு படி சென்றார். ஆசிரியர் தாமே ஒரு பாத்திரமாகி வகுப்புக்குள் நுழைந்து, மாணவர்களை ஒரு நெருக்கடியின் நடுவே நிறுத்தி, முடிவெடுக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கும் முறை அவருடையது. அவர் வகுப்பில் பார்வையாளர் கிடையாது, கைதட்டலும் கிடையாது. பிரச்சினையும் அதை எதிர்கொள்ளும் மாணவர்களும்தான் உண்டு.

இந்தப் போக்குக்கு வலுவான மறுப்பு 1989இல் டேவிட் ஹார்ன்புரூக்கிடமிருந்து வந்தது. நாடகத்தை வெறும் கற்றல் கருவியாக்கியவர்கள் நாடகக் கலையை, அதன் வரலாற்றை, நடிப்புத் திறனை, மேடையை மாணவரிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று அவர் குற்றஞ்சாட்டினார். அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின்வழி உருவான தேசியப் பாடத்திட்டம் நாடகத்தைத் தனிப் பாடமாக ஏற்காமல் ஆங்கிலப் பாடத்துக்குள் அடக்கியது. தனக்கென ஓர் அறிவுப் புலம் உண்டென்று நிறுவாத பாடம் சட்டத்தின் பட்டியலில் எளிதில் விடுபட்டுப்போகும் என்ற அச்சம் ஹார்ன்புரூக்கின் வாதத்துக்கு அழுத்தம் கூட்டியது.

இந்த வாதப் பிரதிவாதத்தை ஈழத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஹார்ன்புரூக் கேட்ட பாட அந்தஸ்து இங்கே கிடைத்துவிட்டது. ஹீத்கோட் செய்த செயல்முறைப் பணிக்கு நெருங்கிய வேலையையும் இங்குள்ள அரங்கச் செயற்பாட்டாளர் பலர் செய்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வகுப்பறையில் இணைப்பதில்தான் சிக்கல்.

3. கூத்திலிருந்து பாடவேளைக்கு

1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியபோது, கிராமிய அரங்கிலிருந்து நவீன தேசிய அரங்கைக் கட்டலாம் என்ற நம்பிக்கை சிங்கள அரங்கில் வேரூன்றியது. சரச்சந்திர பணியாற்றிய அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நோக்கித் திரும்பினார். படித்தவர்கள் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிய கலையைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே ஆடவைத்தார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு நகர்ந்தது. 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1965) ஆகியவை இவ்வாறு உருவானவை.

இந்தத் தயாரிப்புகளின் அழகியல் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அவற்றின் கல்விப் பெறுமதி பற்றிய பேச்சு குறைவு. 'இராவணேசன்' ஆக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்த சி. மௌனகுரு, பாடசாலைக் காலத்திலேயே கூத்தாடியவர். பிற்காலத்தில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறையை வழிநடத்தினார். 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களையும் எழுதினார். கூத்தராகவும் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் இருந்த அவரைப் போன்றவர்களின் உழைப்பில்தான் நாடகம் பாடசாலைக்குள் நிலைபெற்றது.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பணியின் மையம் குழந்தை ம. சண்முகலிங்கம். தொழிலால் ஆசிரியர். 1978இல் அவர் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி களப்பயிற்சியை முதன்மைப்படுத்தியது: மூச்சு, குரல், உடலசைவு, அரங்க விளையாட்டுகள், கூட்டாகப் புனைதல். எழுத்துருவைக் கையில் எடுப்பதற்கு முன்னரே நடிகர் ஒருவரையொருவர் நம்பவும் கவனிக்கவும் பழகவேண்டும் என்பது அதன் அடிப்படை. சிறுவருக்காக அவர் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா', யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் 1985இல் மேடையேற்றி ஊரூராகக் கொண்டு சென்ற 'மண் சுமந்த மேனியர்', போரின் உளக்காயத்தைப் பேசிய 'அன்னை இட்ட தீ' ஆகியவை வேறுவேறு பார்வையாளருக்கு எழுதப்பட்டவை. எல்லாவற்றிலும் குழுவே பாத்திரமாக, குழுவே காட்சிப்பொருளாக, குழுவே இசையாக நிற்கும் உத்தி மேலோங்கியிருக்கிறது. முதன்மைப் பாத்திரம் இருவருக்கு, எஞ்சியோர் கூட்டத்தில் நிற்போர் என்ற பிரிவினை அதில் குறைவு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாடக வடிவம் அரிது.

4. அண்ணாவியாரின் பாடத்திட்டம்

கூத்தைக் 'கற்கவேண்டிய மரபு' என்று பாடத்திட்டம் பட்டியலிடுகிறது. கூத்து தன்னளவில் ஒரு கற்பித்தல் முறையும்கூட என்பது போதிய கவனம் பெறவில்லை.

மட்டக்களப்பில் ஒரு கூத்துப் பழகி அரங்கேறப் பல மாதங்கள் ஆகும். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் முதலில் ஆட்களின் தோற்றத்தையும் குரல் வளத்தையும் பார்த்துப் பாத்திரங்களைப் பிரிக்கிறார். அவரவர் பகுதி எழுதிய ஏட்டை முறைப்படி வழங்குவது 'சட்டம் கொடுத்தல்'. பிறகு இரவிரவாகப் பழக்கம். தாளக்கட்டை வாயால் சொல்லி, மத்தளத்தில் அடித்து, காலில் இறக்குகிறார்கள். ஆட்டம் ஓரளவு கைவந்ததும் 'சதங்கை அணிதல்' நடக்கிறது. அன்று ஊரார் முன்னிலையில் கூத்தர் முதன்முறை சதங்கை கட்டி ஆடுகிறார்கள். அடுத்து, முழுக் கூத்தையும் ஒழுங்காக ஓட்டிப் பார்க்கும் 'அடுக்குப் பார்த்தல்'. இறுதியில் வட்டக்களரியில் அரங்கேற்றம். அது முடிந்தபின் வீடு வீடாகச் சென்று ஆடுவதும் உண்டு.

இக்கால மதிப்பீட்டியல் மொழியில் சொன்னால், இங்கே படிப்படியான கணிப்பீடு நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அடைவு இருக்கிறது, அதைக் காணச் சமூகம் கூடுகிறது, அடுத்த கட்டத்துக்குப் போகும் தகுதி எல்லார் கண்முன்னும் நிறுவப்படுகிறது. குறை இருந்தால் திருத்திக்கொள்ள அவகாசமும் இருக்கிறது. சதங்கை அணியும் நாளில் தடுமாறியவர் அடுக்குப் பார்க்கும் நாளுக்குள் தேறிவிடலாம். கற்றல் நிகழ்வதற்கு முன்னும் பின்னும் அளக்காமல், நிகழும்போதே அளக்கிறார்கள்.

மரபை அப்படியே போற்றிவிடவும் முடியாது. கூத்துக்களரி நெடுங்காலம் ஆண்களுடையது; பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். சாதி, ஊர்ப் பெருமை ஆகியன பாத்திரப் பங்கீட்டில் தலையிட்டன. அண்ணாவியார் சொல்வதைக் கேள்வி கேட்காமல் ஏற்பதே ஒழுக்கமாக இருந்தது. இந்தப் பூட்டுகளைத் திறந்ததில் பாடசாலைக்குப் பெரும் பங்குண்டு. இன்று மாணவிகள் சதங்கை கட்டி, கூத்தின் இரு வகைகளான வடமோடியும் தென்மோடியும் ஆடுகிறார்கள். மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞரும் இணைந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், பால், சாதி தொடர்பான கேள்விகளைக் களரிக்குள்ளேயே விவாதித்தது. மரபை ஊராரோடு பேசிப் பேசி மாற்றிய அந்த நடைமுறை பாடசாலைகளுக்கும் நல்ல முன்மாதிரி.

5. சான்றுகள் எவ்வளவு தூரம் வரும்?

நாடகம் தன்னம்பிக்கை தரும், ஆளுமையை வளர்க்கும் என்று விழா மேடைகளில் சொல்வது வழக்கம். இதில் எவ்வளவு நிறுவப்பட்டது?

மொழித்திறன் விடயத்தில் சான்று உறுதியானது. ஆன் பொட்லோஸ்னி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு வகுப்பறை நாடகம் பற்றிய 80 ஆய்வுகளை ஒருங்கே எடுத்துப் பார்த்தது. கதையை நடித்துப் பார்த்த மாணவர்கள் அந்தக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டதோடு, நடிக்காத புதிய பனுவல்களைப் புரிந்துகொள்வதிலும் முன்னேறியிருந்தார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2013இல் வெளியிட்ட கலைக்கல்வி மதிப்பாய்வும் இதை ஏற்றுக்கொண்டது. அதே மதிப்பாய்வு, கலைக்கல்வியால் படைப்பாற்றல் பொதுவாகப் பெருகும் என்ற கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்றும் சொன்னது.

பிறர் உணர்வை அறிதல் பற்றி தாலியா கோல்ட்ஸ்டீனும் எலன் வின்னரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஓராண்டு நடிப்புப் பயிற்சி பெற்ற மாணவர்களைப் பிற கலைகளைப் பயின்றவர்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். நடிப்பு பயின்றவர்களிடம் பரிவுணர்ச்சி கூடியிருந்தது. ஐரோப்பாவில் 2008 முதல் 2010 வரை நடந்த 'டைஸ்' திட்டம் 12 நாடுகளில் 13 முதல் 16 வயதுவரையான 4,475 மாணவர்களிடம் தரவு திரட்டியது. கல்வியியல் அரங்கில் ஈடுபட்டோர் வாசிப்பிலும் தொடர்பாடலிலும் கூடிய நம்பிக்கையும், சிறுபான்மையினர்பால் கூடிய சகிப்பும் காட்டினர். இந்தப் பெறுபேற்றின் ஒரு பகுதி மாணவரின் சுயமதிப்பீட்டில் தங்கியிருப்பதால் அதை நிதானத்தோடு வாசிக்கவேண்டும்.

நாடகம் பார்ப்பதற்கும் பயன் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஜே கிரீனும் சக ஆய்வாளரும் குலுக்கல் முறையில் பள்ளி மாணவர் குழுக்களைத் தெரிந்து அரங்குக்கு அழைத்துச் சென்றார்கள். நேரடி நாடகம் பார்த்தவர்கள், அதே கதையைத் திரைப்படமாகப் பார்த்தவர்களைவிடக் கதையைத் தெளிவாக நினைவிற் கொண்டிருந்தார்கள். மாற்றுக் கருத்துகளைச் சகிப்பதிலும் மேம்பட்டிருந்தார்கள்.

இந்த ஆய்வுகளில் பயன் கண்டது நடித்தலில், சேர்ந்து ஒத்திகை பார்த்தலில், நேரில் பார்த்தலில். நாடகத்தைப் பற்றிய குறிப்புகளைப் படிப்பதால் அதே பயன் விளையும் என்று இவற்றில் எதுவும் காட்டவில்லை. ஈழத்துப் பாடத்தை எடைபோட இது முதன்மையான அளவுகோல்.

6. பரீட்சையும் போட்டியும்

நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சை உண்டு, செய்முறைப் பரீட்சையும் உண்டு. உலக அரங்க வரலாறு, ஈழத்து அரங்க வரலாறு, கூத்து மரபுகள், எழுத்துரு ஆய்வு ஆகியவை எழுத்துப் பகுதியின் பொருள்கள். இவற்றை வேண்டாமென்று தள்ளுவதற்கில்லை. வித்தியானந்தனின் முயற்சியையோ விபுலானந்தர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை முன்வைத்து 1926இல் எழுதிய 'மதங்க சூளாமணி'யையோ அறியாமல் அரங்கியல் மாணவர் எவரும் வெளியேறக்கூடாது. சிக்கல் விகிதத்தில் இருக்கிறது. செய்முறைத் தேர்வு ஒருநாட் காரியம். வெளியிலிருந்து வரும் பரீட்சகர் சில நிமிடங்களில் மாணவரின் ஆடலையும் பாடலையும் நடிப்பையும் பார்த்துப் புள்ளியிடுகிறார். மாதக்கணக்கான ஒத்திகையில் ஒரு மாணவி குழுவுக்காக விட்டுக்கொடுத்ததும், சரிவராத காட்சியை மூன்றாம் முறை மாற்றியமைத்ததும் அந்த நிமிடங்களுக்குள் அகப்படுவதில்லை.

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் இன்னொரு களம். நாடகம், நாட்டுக்கூத்து, இசைநாடகம், வில்லுப்பாட்டு எனப் பல பிரிவுகளில் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று அணிகள் ஏறிச்செல்கின்றன. ஒரு பாடசாலையின் அரங்க வாழ்வு இந்தப் போட்டிகளைச் சுற்றியே இயங்குவதும் உண்டு. கூத்து மரபு பல ஊர்ப் பாடசாலைகளில் அறுபடாமல் இருப்பதற்கு இப்போட்டிகளுக்கு நன்றி சொல்லியாகவேண்டும். ஆனால் போட்டிக்கு ஏற்கெனவே ஆடத்தெரிந்த பதினைந்து பேர் போதும். எஞ்சியோர் வகுப்பில் குறிப்பெழுதுகிறார்கள். தன்னம்பிக்கை மிகத் தேவைப்படும் பிள்ளை அந்த எஞ்சியோர் வரிசையில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டின் அனுபவம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பத்தாம் வகுப்புவரை கலைக்கல்வி கட்டாயப் பாடமாக வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2015 முதல் 'கலா உத்சவ்' என்ற தேசிய அளவிலான பள்ளிக் கலைவிழாவும் நடக்கிறது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை தமிழ் நவீன அரங்குக்கு ஒரு தலைமுறையையே தந்தது. புதுச்சேரியில் வேலு சரவணன் போன்றவர்கள் 'கடல் பூதம்' முதலிய நாடகங்களோடு பள்ளி பள்ளியாகச் சென்றிருக்கிறார்கள். இவ்வளவு ஆற்றல் இருந்தும், கால அட்டவணையில் நாடகத்துக்கென்று ஒரு கட்டம் இல்லாததால் கலைஞர் வந்துபோகும் நாளோடு வேலை நின்றுவிடுகிறது. பரீட்சையின் கேடுகளுக்கு அஞ்சிப் பாட அந்தஸ்தையே துறக்கலாம் என்போர் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

7. ஒரு பாடவேளைக்குள்

பாடவேளை என்பது 40 நிமிடம். அதற்குள் அரங்கு சாத்தியமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. கம்பராமாயணத்துக் கும்பகருணனை எடுத்துக்கொண்டு தரம் பத்தில் ஒரு பாடவேளையை இப்படி அமைக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கி ஓர் அரங்க விளையாட்டு: இருவர் இருவராக, ஒருவர் அசைவை மற்றவர் பிரதிபலித்தல். அடுத்து நால்வர் குழுக்கள் உறைகாட்சி ஒன்றை அமைக்கின்றன. சீதையை விட்டுவிடும்படி தம்பி சொல்கிறான், அண்ணன் மறுக்கிறான். அந்தக் கணத்தில் எல்லாரும் சிலையாக நிற்கவேண்டும். கும்பகருணனின் கண் எங்கே பார்க்கிறது, இராவணனின் கை எங்கே இருக்கிறது, அவையில் நிற்போர் யார் பக்கம் சாய்கிறார்கள் என்பதை மற்றக் குழுக்கள் பார்த்துச் சொல்கின்றன. பிறகு ஆசிரியர் ஒரு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கும்பகருணனாக நாற்காலியில் அமர்கிறார். மாணவர் கேட்கலாம்: "அண்ணன் செய்தது பிழை என்று தெரிந்தும் ஏன் போருக்குப் போனீர்கள்?" "வீடணன் போன வழி தவறா?" இறுதிப் பத்து நிமிடத்தில் மாணவர்கள் இரண்டு வரிசையாக நிற்க, ஒருவர் கும்பகருணனாக நடுவே நடக்கிறார். ஒரு வரிசை போகச் சொல்லும், மறு வரிசை தடுக்கும். நடந்து முடிந்தவர் தன் முடிவை ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டும்.

மேடை வேண்டாம், ஒப்பனை வேண்டாம், செலவும் இல்லை. விசுவாசத்துக்கும் நீதிக்கும் இடையே சிக்கிய ஒருவனின் நிலையை வகுப்பே உடலால் ஒருமுறை அனுபவித்திருக்கும். அடுத்த பாடவேளையில் அதே காட்சியைக் கூத்து மெட்டில் கட்டிப் பார்க்கலாம். எழுத்துப் பரீட்சைக்குரிய பாத்திர ஆய்வும் இந்த அனுபவத்திலிருந்தே எழுதப்படும். குறிப்புப் புத்தகத்திலிருந்து பெயர்த்த விடைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை விடைத்தாள் திருத்துவோர் உடனே கண்டுகொள்வார்கள்.

போரின் நினைவு வீட்டுக்கு வீடு இருக்கும் மண்ணில் இத்தகைய வகுப்புக்கு எச்சரிக்கையும் வேண்டும். இழப்பு, பிரிவு, வன்முறை ஆகியவை எந்தக் காட்சியிலும் எதிர்பாராமல் தலைகாட்டலாம். புராணக் கதையின் தூரம் மாணவருக்கு ஒரு பாதுகாப்பு. சொந்த அனுபவத்தைப் பேசும்படி எவரையும் வற்புறுத்தாமல் இருப்பதும், எந்தக் கட்டத்திலும் விலகிநிற்க இடம்கொடுப்பதும் நாடக ஆசிரியரின் அடிப்படைக் கடமைகள்.

8. செய்யத்தக்கவை

முதலாவது, கணிப்பீட்டை ஒரே நாளிலிருந்து ஓராண்டுக்கு விரிக்கவேண்டும். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஏற்பாடு ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளது. நாடகப் பாடத்தில் அதைக் கூத்தின் கட்டங்களை ஒட்டி அமைக்கலாம். முதலாம் தவணையில் பாத்திரம் ஏற்றலும் அடிப்படை ஆட்டமும், இரண்டாம் தவணையில் பெற்றோரும் ஊர்க் கலைஞரும் பார்க்க இடைக்கால ஆற்றுகை, மூன்றாம் தவணையில் முழு அளிக்கை. ஒவ்வொரு மாணவரும் ஒத்திகைக் குறிப்பேடு ஒன்றை எழுதிவர, அதற்கும் புள்ளி வழங்கலாம்.

இரண்டாவது, போட்டி அணியில் இல்லாத மாணவருக்கும் ஆண்டுக்கு ஓர் அளிக்கையில் பங்கு உறுதிசெய்யப்படவேண்டும். சண்முகலிங்கம் வளர்த்த குழு அரங்கு இதற்குக் கைகொடுக்கும். ஒளி, காட்சி விதானிப்பு, பின்னணி இசை, மேடை முகாமை ஆகியவற்றில் ஈடுபடுவோரின் உழைப்பும் நடிப்புக்கு நிகராக மதிக்கப்படவேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர் பயிற்சி. அரங்கியலில் பட்டம் பெற்றவர் பெரிய வகுப்பை வழிநடத்தப் பழகியிருக்கமாட்டார். கல்வியியற் கல்லூரியில் பயின்றவருக்குக் களப்பயிற்சி குறைவாக இருக்கலாம். இருவரும் ஊர் அண்ணாவியாரோடு ஒரு முழுக் கூத்தின் பழக்கத்தில், சட்டம் கொடுத்தல் முதல் அரங்கேற்றம்வரை, உடனிருப்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாக்கலாம். அண்ணாவியாருக்கு அதற்கான ஊதியமும் வளவாளர் என்ற தகுதியும் முறைப்படி வழங்கப்படவேண்டும். இன்று களரியில் நிற்கும் மூத்த அண்ணாவிமார் பலர் முதுமையில் இருப்பதால், வலயக் கல்வி அலுவலகங்கள் முதலில் தொடங்கத்தக்க வேலை இதுதான்.